பிள்ளை மட்டும் பேசினால் போதுமா? டகோட்டா மக்களின் மொழி முயற்சி

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் எடுத்துரைக்கின்றான். வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதை நினைவூட்டும் அதே வசனத்தில்தான் மொழியும் இடம்பெறுகின்றது. ஆகவே, ஒரு மொழியை வலிந்து அழித்த வரலாற்றை அயலார் செய்தியென நாம் கடந்து செல்லலாகாது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் பெயர் தந்ததே டகோட்டா மக்களின் மொழிதான். உடன்படிக்கைப்படி வர வேண்டிய பணம் தாமதமாகிப் பசி முற்றிய 1862ஆம் ஆண்டில் அங்கே போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் டகோட்டா ஆடவர் 38 பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு அம்மக்களை மாநிலத்தைவிட்டே வெளியேற்றச் சட்டம் வந்தது.

நிலத்துக்குப் பின் நாவின்மீது கை வைத்தார்கள். 1879இல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட கார்லைல் பள்ளிக்கு முதலில் கொண்டுவரப்பட்டோர், டகோட்டாக்களின் நெருங்கிய உறவினரான லகோட்டாப் பிள்ளைகள். இத்தகைய விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது; பெயர் மாற்றப்பட்டது; தாய்மொழி பேசியவர்கள் தண்டிக்கப்பட்டனர். அந்த வலியைச் சுமந்தவர்களுள் பலர் பிற்காலத்தில் தம் மக்களிடம் ஆங்கிலமே பேசினர். அவர்களை நாம் எவ்வாறு குறை கூற முடியும்?

மொழி அறுந்தது வீட்டில் என்பதால், அதை ஒட்டுவதும் வீட்டில்தான் நிகழ வேண்டும். மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய மழலையர் மொழிக்கூடுகள் இவ்வழியைப் பலருக்குக் காட்டின. மினசோட்டாவின் லோயர் சூ சமூகத்தில், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு உணவு, விளையாட்டு, கை கழுவுதல் அனைத்தும் டகோட்டாவிலேயே அமையும் கல்வி நடைபெறுகின்றது. சொற்பட்டியலை மனனம் செய்வதால் மட்டும் இது கைகூடாது. டகோட்டாவில் தந்தையின் சகோதரரும் தந்தை என்றே அழைக்கப்படுவார். நம்மவர் பெரியத்தா, சின்னத்தா என்பதற்கு நெருங்கிய முறை அது. மூத்த சகோதரியை ஆண் அழைக்கும் சொல் வேறு, பெண் அழைக்கும் சொல் வேறு. உறவினர் சூழ வாழ்ந்து பேசினாலன்றி இது நாவில் நிற்குமா?

எனவே, பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பெற்றோரை வாசலோடு திருப்பி அனுப்பும் பள்ளி பாதி வேலையே செய்கின்றது என்பது என் கருத்து. பகல் முழுதும் டகோட்டா கேட்ட குழந்தை, மாலையில் அதற்கு மறுமொழி சொல்ல ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகின்றது. பெற்றோரோ பிழைப்புக்காக ஓடுகின்றவர்கள். கற்பிக்கும் ஆசிரியர்களிலும் பலர் வளர்ந்த பின் இம்மொழியைக் கற்றவர்களே. பிறவியிலேயே பேசி வளர்ந்த முதியோரோ மிகச் சிலர்.

பிழைப்புக்கு உதவாத மொழிக்கு இத்தனை செலவு எதற்கு என்று கேட்போர் உண்டு. அழிப்பதற்குச் செலவிட்டபோது அக்கணக்கை எவரும் பார்க்கவில்லை. அடியாரின் ஹக்கைப் பறித்தவர், அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவுறாது என்பது நாம் அறிந்த மார்க்கச் சட்டம். பூர்வகுடி மொழிகளைக் காப்பது அரசின் கொள்கை என்று அமெரிக்கா 1990இல் சட்டம் இயற்றியது. அக்கொள்கை மெய்யானதென்றால், பள்ளிக் கட்டடத்துக்கு மட்டுமன்றி, தாயும் தந்தையும் வேலையை விட்டுவந்து மொழி பயிலும் மணிநேரங்களுக்கும் அரசே ஊதியம் வழங்கட்டும்; முதியோர் உயிருடன் இருக்கும் இந்த ஆண்டுகளிலேயே வழங்கட்டும்.