இது எத்தனை ஹெச்.பி. லேப்டாப்பு?

சித்தப்பாவுக்கு தளி பக்கத்துல பாலிஹவுஸ். ரோஜா போட்டிருக்கார். தளி தெரியாத மக்களுக்கு: ஓசூருக்குத் தெற்கே, கர்நாடகா எல்லையை ஒட்டின ஊர். குளிருக்கு மயங்கி வெள்ளைக்காரன் 'குட்டி இங்கிலாந்து'ன்னு பேர் வெச்சுட்டுப் போனான். ஊர்ல பாதி பேர் தெலுங்கு, பாதி பேர் கன்னடம், மீதி பாதி தமிழ். (கணக்கு இடிக்குதேன்னு கேக்காதீங்க, ஒரே ஆளு மூணையும் பேசுவார்.)

இந்த வருஷம் பிப்ரவரி 14 புண்ணியத்துல தாஜ்மஹால் ரோஜா நல்ல விலைக்குப் போச்சு. உலகத்துல எவனோ எவளுக்கோ காதலைச் சொன்னதுல மிஞ்சின காசு, என் தம்பிக்கு (சித்தப்பா பையன், இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்) லேப்டாப் வாங்கன்னு முடிவாச்சு. பையன் தெளிவா சொல்லிட்டான். "அண்ணா, படிக்கறதுக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். கேம் ஓடணும். புது கேம் ஓடணும். தூக்கிட்டும் போகணும்." எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருந்தது. நாமெல்லாம் 'ப்ராஜெக்ட் பண்ணணும்பா'ன்னு சொல்லித்தானே வாங்கினோம்?

வீட்ல பொட்டி தட்டுறவன் நான் ஒருத்தன்தான். அதனால நான், தம்பி, சித்தப்பா மூணு பேரும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். கடைப் பையன் வரிசையா எடுத்து வெச்சு ஒப்பிச்சான். ஐ7, பதினாறு ஜிபி, ஆர்டிஎக்ஸ், 144 ஹெர்ட்ஸ்... சித்தப்பா பொறுமையா கேட்டுட்டு, கன்னடத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எஷ்டு ஹெச்.பி.?"

"இது ஹெச்.பி. இல்ல சார், வேற கம்பெனி. ஹெச்.பி. அந்தப் பக்கம் இருக்கு."

தம்பி சிரிச்சான், நானும் சிரிச்சேன். சித்தப்பா சிரிக்கல. அவர் கேட்டது குதிரைசக்தி. மோட்டார் வாங்கப் போனா முதல்ல கேக்கற கேள்வி. பஸ்ல திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைச்சது. அந்தக் கடையில அன்னிக்கு கேக்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். பதில் சொல்ல அங்க ஆளே இல்லை. நான் உட்பட.

ஏன்னு சொல்றேன். கேம் லேப்டாப்ல முக்கியமான சமாச்சாரம் கிராபிக்ஸ் சிப். அதோட பேரை ஸ்டிக்கர்ல ஒட்டியிருப்பான். ஆனா அதே பேருள்ள சிப்புக்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கறதுங்கறதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு பண்ணுது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா அனுமதிக்கிற அளவு 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும். திரும்பப் படிங்க. முப்பத்தஞ்சுலேர்ந்து நூத்திப் பதினஞ்சு. மூணு மடங்குக்கும் மேல. ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே ஸ்டிக்கர். 4050க்கும் இதே வரம்பு, 4070க்கும் இதே வரம்பு. 2025ல வந்த 5060ல 45லேர்ந்து 100.

இதை மோட்டார் கடையில செஞ்சு பாருங்க. "அண்ணா, இது நல்ல கம்பெனி மோட்டார். ஒண்ணரை ஹெச்.பி.யாவும் இருக்கலாம், அஞ்சு ஹெச்.பி.யாவும் இருக்கலாம். போர்ல இறக்கிப் பாத்தா தெரியும்"னு சொன்னா, தளியில அவனை அந்த போர்லயே இறக்கிடுவாங்க.

இது எனக்கு வயித்தெரிச்சலான விஷயம், ஏன்னா நானே ஏமாந்தவன். 2023ல ஒண்ணு வாங்கினேன். மெலிசு, வெள்ளி கலரு, பையில போட்டா இருக்கறதே தெரியாது. 4060. ஆபீஸ்ல எடுத்து வெச்சா நாலு பேர் தொட்டுப் பாத்தாங்க. பக்கத்து சீட்டு நண்பன் அதே மாசத்துல செங்கல் மாதிரி ஒரு கறுப்பு வஸ்து வாங்கினான். ஒரு படி கீழே, 4050. விலை என்னோடதைவிட முப்பதாயிரம் கம்மி. எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்! ஒரு சனிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வெச்சு மூணு கேம் ஓட்டினோம். ரெண்டுல கிட்டத்தட்ட சமம். ஒண்ணுல செங்கல் ஜெயிச்சது. அப்பறம் என்விடியா கண்ட்ரோல் பேனல்ல 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து பாத்தேன். அதிகபட்ச கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும். எனக்கு 60 வாட். அவனுக்கு 100க்கு மேல. முப்பதாயிரம் ரூபா கூடுதலா கொடுத்து நான் வாங்கினது ஒரு நம்பர். சிப்போட பேர்ல இருக்கிற அந்தப் பத்து!

இதுல ஒரு பழைய கதை உண்டு. முன்னாடியெல்லாம் லேப்டாப் சிப்புக்கு பேர் கடைசியில 'எம்'னு ஒரு எழுத்து இருக்கும். பாத்ததும் தெரியும், இது மேஜை கம்ப்யூட்டரோட தம்பின்னு. 2016ல 10 வரிசை வந்தப்ப அந்த 'எம்'மைத் தூக்கிட்டாங்க. 2017ல மெலிசு லேப்டாப்புக்குன்னு 'மேக்ஸ்-க்யூ'ன்னு ஒரு வால் ஒட்டினாங்க. சரி, வாலாவது இருந்துச்சு. 2021ல 30 வரிசை வந்ததும் அந்த வாலும் போச்சு. பத்திரிகைக்காரங்க கத்தினதுக்கு அப்பறம், வாட்டையும் வேகத்தையும் உங்க தளத்துல போடுங்கன்னு லேப்டாப் கம்பெனிங்களுக்கு என்விடியா சொன்னது. போட்டாங்க. எங்க? இணையதளத்துல, 'மேலும் விவரங்கள்' அமுக்கி, நாலு பக்கம் உருட்டி, பொடி எழுத்துல. எஸ்.பி. ரோட்டுக் கடையில? டப்பா மேல? இந்தக் கண்ணுக்கு இதுவரைக்கும் தட்டுப்படல.

உச்சாணிக் கொம்புலயும் இதே கதைதான். மேஜைக்கு வர்ற ஆர்டிஎக்ஸ் 5090ல 21,760 கோர், 32 ஜிபி நினைவகம், 575 வாட். லேப்டாப்ல வர்ற 5090ல 10,496 கோர், 24 ஜிபி, சிப்புக்கு 150 வாட். பாதிகூட இல்லை. பின்னாடி 'லேப்டாப் ஜிபியு'ன்னு சேர்த்துத்தான் எழுதறோம்னு கம்பெனி சொல்லும். எழுதறாங்க. கடைக்காரன் வாயில அது வராது, அவ்வளவுதான்.

"வாட் மட்டும் பாத்தா போதுமா? டிசைன்னு ஒண்ணு இருக்கே, கூலிங் இருக்கே"ன்னு விவரம் தெரிஞ்சவங்க வருவீங்க. நியாயம்தான். 40 வரிசையில 100 வாட்டைத் தாண்டினா பெருசா பலனும் இல்லை. '140 வாட்'னு விளம்பரத்துல போடறது, 115க்கு மேல ப்ராசசர்கிட்டேர்ந்து 25 கைமாத்து வாங்கிக் காட்டற கணக்கு. ப்ராசசரே திணர்ற கேம்ல அந்தக் கைமாத்து கிடைக்காது. எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா மோட்டார்லயும் ஹெச்.பி. மட்டும் போதாதுதான். எத்தனை அடி உயரத்துக்கு ஏத்தும், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்னு பாக்கணும். அதுக்காக ஹெச்.பி.யைத் தகட்டுலேர்ந்து சுரண்டிட்டானா? மூணையும் சேர்த்து அடிச்சுக் கொடுக்கறான்யா.

நம்ம ஊர் சட்டத்துல பொட்டலப் பொருள் விதிகள்னு 2011லேர்ந்து ஒண்ணு இருக்கு. கடலை மிட்டாய் பாக்கெட்டுலகூட எடை, விலை, தயாரிச்ச மாசம் எல்லாம் இருக்கணும். லேப்டாப் டப்பாவும் அதுக்குக் கட்டுப்பட்டதுதான். டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். நிகர அளவு: 1 எண்ணம். அதாவது உள்ள ஒரு லேப்டாப் இருக்கு. அய்யா சாமி, ரொம்ப நன்றி! லட்ச ரூபாய்க்குப் பக்கத்துல கொடுத்து வாங்கறவன் தெரிஞ்சுக்க வேண்டிய அளவு அதுதானா? சீலிங் ஃபேனுக்கு 2023லேர்ந்து நட்சத்திரக் குறி கட்டாயம். ஃபேன் வாங்கறவனுக்கு அரசாங்கம் காட்டற அக்கறையில கால்வாசி போதும். ஒரு வரி. 'கிராபிக்ஸ் பவர்: இத்தனை வாட்'. இதைக் கேக்கறதுக்கு போராட்டம் பண்ணணுமா?

அடுத்த ஏமாத்து நினைவகம். புது கேம்கள் இதுல ரொம்பக் கறார். 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டு ஆகவே ஆகாது. குறைந்தபட்சத் தேவைன்னு அவங்க போட்டிருக்கறதே 8 ஜிபி உள்ள ஒரு கார்டு. 2025 மே மாசம் வந்த டூம் கேமுக்கும் ரே டிரேசிங் கட்டாயம். இப்ப 4050 லேப்டாப்ல 6 ஜிபிதான். ஓடும், ஆனா தரத்தைக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில புது கேம் பழைய கேம் மாதிரி தெரியும். சரி, காசு சேர்த்து மேல போலாம்னு 5070 பாத்தா, 2025ல வந்த 5070 லேப்டாப்புக்கும் 8 ஜிபி, 5060க்கும் 8 ஜிபி, கடைசிப் படி 5050க்கும் 8 ஜிபி. பன்னெண்டு வேணும்னா 5070 டிஐ, விலையைக் கேட்டா அடுத்த நாலு பிப்ரவரி வரணும்.

இனி நம்ம நண்பர்கள் பக்கம் வர்றேன். "லேப்டாப்ல கேமா? அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கு, டபுள் வேகம்"னு ஒரு கோஷ்டி எப்பவும் தயாரா இருக்கும். கணக்கு சரி, ஆளுதான் தப்பு. ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு மூணு பேர், ஒரு ப்ளக் பாயிண்ட். லீவுக்கு தளிக்கு வந்தா, மழை தூறினதும் கரண்ட் போகும். டெஸ்க்டாப்பை பஸ்ல மடியில வெச்சுட்டு வரச் சொல்றீங்களா? இந்தப் பையன் வயசுல சொந்த ரூம், சொந்த மேஜை, இன்வர்ட்டர் எல்லாம் இருக்கறவனுக்கு எழுதின அறிவுரையை எல்லாருக்கும் விநியோகம் பண்றதை முதல்ல நிறுத்துங்க.

அதே சமயம் 'எங்கயும் விளையாடலாம்'னு விளம்பரத்துல மலை உச்சியில உக்காந்து ஆடறானே, அது பச்சைப் புளுகு. விமானத்துல எடுத்துட்டுப் போக பேட்டரிக்கு 100 வாட்-மணி வரைக்கும்தான் தடையில்லாம அனுமதி. அதனால எந்தக் கம்பெனியும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிக்குது. சிப்புக்கு 100, ப்ராசசருக்கு ஒரு 30, திரைக்குக் கொஞ்சம்னு கூட்டிப் பாருங்க. முழு வேகத்துல முக்கால் மணி நேரம்கூட தாங்காது. அதனாலதான் சார்ஜரைப் பிடுங்கின உடனே அதுவே வேகத்தைக் குறைச்சுக்குது. தூக்கிட்டுப் போறதுன்னா ஒரு ப்ளக் பாயிண்ட்லேர்ந்து இன்னொரு ப்ளக் பாயிண்டுக்குத் தூக்கிட்டுப் போறதுன்னு அர்த்தம். எடை பாக்கறப்ப சார்ஜரையும் சேர்த்துத் தராசுல வைங்க. மெலிசா இருக்கறதுக்கு ஏங்காதீங்க, மெலிசுக்குள்ள காத்து போக வழியில்லன்னா வாட்டைக் குறைக்காம அவன் என்ன பண்ணுவான்? எங்க தளியில மார்கழிக் குளிர்லயே என்னோட வெள்ளிக் கலர் அழகி ஜெட் மாதிரி கத்துவா.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். ரேம் ஒத்தைக் குச்சியா இருந்தா இன்னொன்னு போட இடம் இருக்கணும். 2025 கடைசியில ரேம் விலை ஏறினதைப் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டாம். 512 ஜிபி எஸ்எஸ்டி பத்தாது, பிளாக் மித் வூகாங் ஒண்ணே 130 ஜிபி கேக்குது. ப்ராசசர் ஐ5ஆ ஐ7ஆன்னு ராத்திரி முழுக்க சண்டை போடறதுக்கு தூங்கலாம்.

ரெண்டாவது வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை, எடுத்து வெச்ச ஒவ்வொண்ணுலயும் கண்ட்ரோல் பேனலைத் திறந்து காட்டச் சொன்னேன். முதல் கடையில "அதெல்லாம் டெமோ பண்ண முடியாது சார்"னான். வெளிய வந்துட்டோம். ரெண்டாவது கடையில பையன் கொஞ்சம் விவரமானவன், திறந்து காட்டினான். 5060, 100 வாட், ரேமுக்கு ரெண்டு ஸ்லாட். லேப்டாப் ரெண்டேகால் கிலோ, சார்ஜர் தனியா முக்கால் கிலோ. தம்பி முகம் லேசா வாடிச்சு, பக்கத்துல மெலிசா ஒண்ணு மினுக்கிட்டு இருந்தது. அதையும் திறந்தோம். அதுவும் 5060தான். 60 வாட். பன்னெண்டாயிரம் ரூபா அதிகம்.

சித்தப்பாவுக்கு அந்த ரெண்டு நம்பர் போதுமா இருந்துச்சு. காசை எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், சொட்டுநீர் வால்வுக்கு நம்பர் எழுதற மார்க்கரை எடுத்துட்டு வந்து, லேப்டாப்பைக் கவுத்து, அடியில '100 வாட்'னு கொட்டை எழுத்துல எழுதிட்டார். "அப்பா!"ன்னு தம்பி அலறினது தெருவுக்கே கேட்டுச்சு.

டிஸ்கி: எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு கேட்டு மடல் அனுப்பாதீங்க மக்களே. அதே மாடல் பேர்ல வேற வாட்டுலயும் வருது.