எங்கள் தெரு டீக்கடைக்குப் புதுப் பலகை

சகோதரிகளே, இந்தத் தடவை டீக்கடையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "உனக்கும் டீக்கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். தெருமுனையில் இருக்கிற அந்தக் கடையைத் தாண்டித்தான் இருபத்திரண்டு வருஷமாக மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன். ஒரு நாள்கூட அங்கே நின்று ஒரு வாய் டீ குடித்ததில்லை. நீங்கள் குடித்திருக்கிறீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

என்னை அங்கே உட்கார வைத்தவள் என் தங்கை மகள். காலேஜில் கிராஃபிக் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் கருவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள்: "பெரிம்மா, இந்த வருஷ ப்ராஜெக்டுக்கு நம்ம தெரு டீக்கடையை எடுத்திருக்கேன். ரீபிராண்டிங் பண்ணப் போறேன்."

"அப்படின்னா என்னடி?"

"கடைக்குப் புதுப் பேர், புது எழுத்து, கலர், போர்டு, கப்பு, பார்சல் பை, எல்லாத்தையும் ஒரே மாதிரி யோசிச்சுப் பண்றது. பார்த்த உடனே இந்தக் கடைன்னு தெரியணும்."

"பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசற மாதிரி."

"ஐயோ பெரிம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நான் சொன்னது அவ்வளவு தப்பில்லை என்று பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள்.

கடையை நடத்துவது ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். பெயரும் கடைப் பெயரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் அக்கா. மாமனார் 1971-ல் ஆரம்பித்த கடை. கணவர் போய் எட்டு வருஷமாகிறது. விடிகாலை நாலரைக்கு பாய்லரைப் பற்ற வைத்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறக்குகிறார். நடுவில் பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர இருபது நிமிஷம். அவ்வளவுதான் ஓய்வு.

பெண் பத்து நாள் ராத்திரி கண் விழித்து முதல் திட்டத்தைத் தயார் பண்ணினாள். கம்ப்யூட்டரில் போட்டு, கலரில் அச்சடித்துக் காட்டினாள். எனக்கே மயக்கமாக இருந்தது. இங்கிலீஷில் நாகரிகமாய் ஒரு பெயர். இலைப் பச்சையில் சின்னம். பழுப்புக் காகிதக் கப்பில் அதே சின்னம். இஞ்சி டீ, ஏலக்காய் டீ, மசாலா டீ என்று அழகான பட்டியல், ஒவ்வொன்றும் முப்பது ரூபாய். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு பாப்பா. யாரு கடை இது?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பேசினார். "எதிர்த்த குடோன்ல மூட்டை தூக்கற தம்பி நாளைக்கு நாலு டீ குடிக்கும். நாலு பதினஞ்சு அறுபது ரூபா. நீ முப்பதுன்னு எழுதினா நூத்தி இருபது. அது என்னா செய்யும்? டீயை விட்டுடுமா, என்னை விட்டுடுமா?" பச்சை நிறத்தைப் பார்த்து, "இது ஒரு கட்சிக் கலராச்சே" என்றார். சிவப்பு? கறுப்பு? மஞ்சள்? நீலம்? நம் ஊரில் ஏதாவது ஒரு கட்சிக்கோ சங்கத்துக்கோ சொந்தமில்லாத நிறம் எது, சொல்லுங்கள் பார்ப்போம்!

காகிதக் கப் விஷயத்தில் எனக்கே சொல்ல இருந்தது. அது வெறும் காகிதமில்லை. உள்பக்கம் மெல்லிசாக பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லி சூடான திரவம் 15 நிமிஷம் அந்தக் கப்பில் நின்றால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகிறதாம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பை நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தும் இருக்கிறார்கள். தடை இருக்கிறது, கப்பும் இருக்கிறது, அது வேறு கதை. வீட்டு விசேஷங்களுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்தால் கழுவுவதற்கு ஓர் ஆள் கூடுதல், அவ்வளவுதானே.

அன்றைக்கு ராத்திரி பெண் சாப்பிடவில்லை. "பத்து நாள் வேலை போச்சு பெரிம்மா" என்று அழுதாள். "அந்த அம்மா ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே. யாரு கடைன்னுதானே கேட்டாங்க? போய்ப் பாரு" என்றேன். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். துணைக்கு நான்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். சொல்ல வெட்கமாயிருக்கிறது, முதல் நாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடியேதான் குடித்தேன். டீ பிரமாதம்! பாய்லர் கொதிநீர், துணிப் பையில் டஸ்ட் தூள், உயரத்திலிருந்து ஓர் ஆற்று ஆற்றினால் மேலே நுரை. வீட்டில் நான் எத்தனை முயன்றும் அந்த நுரை வருவதில்லை.

பெண் எண்ணிக்கொண்டே இருந்தாள். காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை வந்தவர்களில் பெண்கள் நாலே பேர். குப்பை வண்டியோடு வருகிற இரண்டு பேர், பூக்கட்டுகிற ஒரு பாட்டி, கட்டட வேலைக்குப் போகிற ஒரு சின்னப் பெண். நாலு பேரும் நிற்கவில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு சந்துப் பக்கம் ஒதுங்கிப் போய்க் குடித்துவிட்டு வந்து வைத்தார்கள். தினம் பார்த்த காட்சிதான், எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு வயிற்றில் ஆறு மாதம். பன்னை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து சிவப்பு மாத்திரை ஒன்றை எடுத்து அதே டீயோடு விழுங்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, மாத்திரையைத் தண்ணியோட போடு. டீயோட போட்டா உடம்புல ஒட்டாது" என்றேன். டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, இது சின்ன சமாசாரமில்லை. டிபன் முடிந்த கையோடு காபி குடிக்கிற பழக்கம் எனக்கும்தான் இருந்தது. இப்போது பதினோரு மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இதற்குள் பெண் லைப்ரரியில் ஒரு பழைய போஸ்டரைத் தேடிப் பிடித்துவந்தாள். டீ நம் ஊர்ப் பழக்கமே இல்லை, தெரியுமோ? 1930-களில் டீ விற்பதற்கென்றே ஒரு வாரியம் வைத்து, ஊர் ஊராக இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். டீ போடுவது எப்படி என்று எனாமல் பலகையில் எழுதி ரயில் நிலையங்களில் மாட்டினார்கள். வெள்ளைக்காரன் சரக்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால், 1947-ல் அன்னதா முன்ஷி என்ற ஓவியர், ராட்டையும் டீக் கோப்பையுமாக ஒரு பெண்ணை வரைந்து, இது நூற்றுக்கு நூறு சுதேசி என்று விளம்பரம் போட்டார். அந்தக் கால ரீபிராண்டிங்!

"போஸ்டர்ல பொண்ணு இருக்கா பெரிம்மா. கடையிலதான் இல்லை" என்றாள். அப்போதுதான் அவளுக்கு வேலை பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது திட்டத்தில் பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு, விலை ஏறாது, பெயர் மாறாது. ஆனால் ஒன்று செய்துவிட்டாள். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குச் சின்னம் போட்ட பீங்கான் கப், நின்று குடிக்கிறவர்களுக்குப் பழைய கண்ணாடி கிளாஸ். அக்கா அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பாய்லர் பக்கம் திரும்பிவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்தபிறகு சொன்னார்:

"எங்கப்பாவுக்கு ஊர் டீக்கடையில தனி கிளாஸ், பாப்பா. வெளிய ஆணியில தொங்கும். அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே மாட்டிட்டு வரணும். நான் சின்னப் புள்ளையா கூட நின்னிருக்கேன். எங்க மாமனார் இங்க வந்து கடை போட்டப்ப, எல்லாருக்கும் ஒரே கிளாஸுன்னுதான் போட்டாரு. என் கடையில ரெண்டு கிளாஸ் வேணாம்."

இரட்டைக் குவளை என்று பத்திரிகையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். தெரிந்த ஒருவர் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். பெண் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கிளாஸைப் பற்றி அவள் வாத்தியார் பாடத்தில் சொன்ன ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஈம்ஸ் என்று அமெரிக்காவில் பெயர்பெற்ற வடிவமைப்புத் தம்பதி. நம் அரசாங்கம் அழைத்து, நாடெல்லாம் சுற்றிப் பார்த்து 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானது எது என்று எழுதினார்கள் தெரியுமா? நம் வீட்டுச் சொம்பு! பிடிக்க வாகு, ஊற்ற வாகு, இடுப்பில் வைக்க வாகு, கழுவ வாகு என்று பல தலைமுறை பார்த்துப் பார்த்து வந்த வடிவம் அது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தங்கமாக்குகிற பெண்களைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். அந்த வரி போட்ட டீ கிளாஸும் அப்படித்தான் என்றாள் பெண். சூட்டோடு வழுக்காமல் பிடிக்கலாம், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், அழுக்கிருந்தாலும் தெரியும். கிளாஸ் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கழுவுகிற இடம்தான் மாறியது. ஒரே பக்கெட்டில் முக்கி எடுப்பதை விட்டுக் குழாய்த் தண்ணீர், அதற்குப் பிறகு கொதிநீர்.

பலகைக்கு வருகிறேன். கடை முகப்பில் ஏதோ செல்போன் கம்பெனியின் ஃபிளெக்ஸ் பேனர் வெளுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்தால், உள்ளே தகரப் பலகை! மாமனார் காலத்தில் ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதியது. கீழ் வரியில் 'சுத்தமான தேயிலை'. அந்த 'லை' இருக்கிறதே, பழைய எழுத்து, யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்து நிற்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது போய்விட்டது. எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பலகையில் எழுதிப் பழகினோம். பெண்ணுக்கு அதைப் படிக்கவே தெரியவில்லை. தெரிந்ததும் குதித்தாள். அந்தத் துதிக்கையைக் கொஞ்சம் நீட்டி, நுனியில் ஆவி எழுகிற மாதிரி வளைத்தாள். அதுதான் சின்னம். நிறம், ஆற்றுகிறபோது வெளிச்சத்தில் தெரிகிற டீயின் நிறம். அதை எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் முன்பு சினிமா பேனரும் கடைப் பலகையும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு வேலை இல்லாமல் வீட்டோடு இருந்தார். அவரையே பலகை எழுத வைத்தார்கள். மூவாயிரம் ரூபாய், அக்கா இரண்டு தவணையில் கொடுத்தார்.

பரீட்சைக்கு வந்தவர் கேட்டாராம்: "பழைய போர்டைத் திருப்பி எழுதியிருக்கே, ஒரு பெஞ்சு போட்டிருக்கே. இதிலே நீ டிசைன் பண்ணினது என்ன?" மார்க் சுமார்தான். கூடப் படிக்கிற பையன் ஒருவன், இல்லாத ஒரு கடைக்கு எல்லாம் பளபளவென்று பண்ணி முதல் மார்க் வாங்கிவிட்டான். பெண்ணுக்கு வருத்தம் இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான்.

பெஞ்சு இப்போது பள்ளிக்கூடப் பக்கத்துச் சுவரோரம் கிடக்கிறது. மூன்றேகால் மணிக்குப் பிள்ளைகளை அழைக்க வருகிற தாய்மார்கள் ஐந்தாறு பேர் அங்கே உட்காருகிறார்கள். முதல் வாரம் வெறுமனே உட்கார்ந்தார்கள். இப்போது இரண்டு பேர் டீ வாங்குகிறார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவந்து குடிக்கிறார்கள், அக்கா ஒன்றும் சொல்வதில்லை. கட்டட வேலைப் பெண்ணைக் காணோம். பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருப்பாள் என்கிறார்.

நான் செவ்வாய்க்கிழமைகளில் மார்க்கெட்டிலிருந்து வரும்போது உட்காருகிறேன். சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங். வெயில்தான் தாங்கவில்லை. ஒரு கீற்றுப் பந்தல் போடலாமா என்று அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.