யாரு கேக்குற?



2020 மார்ச் மாதத்தில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நான் ஓதிக்கொடுக்கும் குர்ஆன் மத்ரஸாவும் மூடப்பட்டது. அலிஃப், பா தொடங்கிச் சில நாட்களே ஆன 4, 5 வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பெற்றோரைச் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு அமைத்தேன். நாளுக்கு ஓர் எழுத்து என்று ஓதி, வீடியோ எடுத்து அனுப்பினேன். உம்மாமார் "மாஷா அல்லாஹ்" என்று பதில் எழுதினார்கள். ஒரு நாளும் தவறவிடவில்லை என்று என் மனதில் திருப்தி. பெருமை என்றும் சொல்லலாம்.

28 எழுத்துகளும் முடிந்த மறுநாள் ஒரு தாய் அழைத்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மௌலவி, குறையா எடுக்காதீங்க. நீங்க ஓதுறத புள்ள கேக்குறான். அவன் ஓதுறத யாரு கேக்குற?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றே ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் பதிவு செய்து அனுப்பும்படி வேண்டினேன். வந்தவற்றைக் கேட்டபோது தலை குனிந்தேன். தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டிய "ஹா"வும், அடித்தொண்டையிலிருந்து வர வேண்டிய "ஹா"வும் ஒரே ஓசையாகியிருந்தன. "ஐன்" வெறும் "அ" ஆகியிருந்தது. தமிழில் இல்லாத ஓசைகள் அல்லவா? பிள்ளை தனக்குத் தெரிந்த ஓசைக்கு அவற்றை மாற்றிக்கொண்டது. பிழை பிள்ளையுடையதல்ல, கேட்காமல் இருந்த என்னுடையது.

இத்தனைக்கும் நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். உஸ்தாத் ஓதுவார், அவர் வாயைப் பார்த்து மாணவன் ஓதுவான், பிழைத்தால் உஸ்தாத் நிறுத்தித் திருத்துவார். தலக்கீ எனப்படும் இந்த முறையில்தான் குர்ஆன் ஓதல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. 1961இல் எகிப்தில் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. பின்னர் கசெட் வந்தது, சீடி வந்தது, இன்று அத்தனையும் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. ஆயினும் உஸ்தாதின் முன் அமர்வது நின்றுவிடவில்லை. ஏனெனில் பதிவு அழகாக ஓதும். அதற்குக் கேட்கத் தெரியாது.

ஓதலுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் இதுவே விதி. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினருடன் சீன மொழி பேசுபவர்கள் 12 தடவைகள் நேரில் அமர்ந்து கதைத்து விளையாடினார்கள். அக்குழந்தைகள் சீன மொழி ஓசைகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளோ கற்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டலும் இதையொட்டியதே. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கும் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, அதனிலும் குறைவது நல்லது என்கிறது அது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் புத்தகம் வாசித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் சிறந்தவை என்றும் சொல்கிறது.

அப்படியானால் கைத்தொலைபேசியை ஒதுக்கிவிட வேண்டுமா? இல்லை சகோதரிகளே. அது பிள்ளையின் கையில் இருப்பதா, உங்கள் கையில் இருப்பதா என்பதே கேள்வி.

முதலில் நீங்கள் பாருங்கள். யூடியூபிலும் பேஸ்புக்கிலும் முன்பள்ளி ஆசிரியைகள் காட்டும் பாட்டு, கதை, காகித வேலை எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து நீங்கள் கற்றுக்கொண்டு, போனை மூடிவைத்துவிட்டு, பிள்ளையுடன் செய்யுங்கள். எழுத்தை வீடியோவில் பார்த்தீர்களா? ஒரு தட்டில் அரிசி மாவைப் பரப்பி, பிள்ளையின் விரலால் எழுதச் செய்யுங்கள்.

பிள்ளைக்கும் காட்டுவதென்றால் பக்கத்தில் இருங்கள். வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்து, டேட்டாவை நிறுத்திவிடுங்கள். ஒன்று முடிய மற்றொன்று தானாகவே ஓடி வராது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, "பூனை எங்க போச்சு மகன்?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லும்வரை பொறுங்கள்.

வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளில் வீடியோ அழைப்பு பெரும் உதவி. அங்கே திரைக்குள் இருப்பவர் பிள்ளையின் பேச்சைக் கேட்டு மறுமொழி சொல்கிறார். வாப்பாவிடம் தினமும் ஒரு கதை சொல்லட்டும், ஓதிக் காட்டட்டும்.

இன்னொன்று. பிள்ளை பிழையாக ஓதுவதையும், பாடத்துக்கு அழுவதையும் வேடிக்கையாகப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். நாளை அந்தப் பிள்ளை பெரிதாகும், படம் அழியாது.

"மௌலவி, போனைக் கொடுத்தால்தான் எனக்குச் சோறாக்க முடிகிறது" என்று ஒரு சகோதரி சொல்லக்கூடும். அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அடுப்படியில் தனியாக நிற்பவரின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்குப் பாடம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பாடத்துக்கு வேறாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட தாய் அதைத்தான் செய்தார். அஸருக்குப் பின் மகனை மடியில் இருத்தி ஓதவைத்து, குரல் பதிவை அனுப்புவார். நான் கேட்டு, அவன் பெயர் சொல்லித் திருத்தி அனுப்புவேன். மூன்று வாரங்களில் இரண்டு "ஹா"வும் பிரிந்தன. சில பிள்ளைகளின் குரல் மட்டும் வரவேயில்லை. அவ்வீடுகளில் இருந்தது ஒரே ஒரு போன். அதுவும் மூத்தவர்களின் பாடத்துக்கு. அவர்களை இரவில் சாதாரண அழைப்பில் கூப்பிட்டு ஓதக் கேட்டேன். படம் இல்லை, பாட்டு இல்லை, ஆனாலும் கற்றார்கள்.

இன்று மத்ரஸாவில் பிள்ளைகள் என் முன்னே அமர்ந்து ஓதுகிறார்கள். ஆயினும் புதிய வீடியோ எதைப் பார்த்தாலும் அந்தச் சகோதரியின் கேள்வியே என் காதில் விழுகிறது. உங்கள் வீட்டிலும் அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை பேசும்போது கேட்கும் காதுகளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.