பெயர் அழிக்கப்பட்டவரின் மற்போர்

1973ஆம் ஆண்டு ஈரானின் தெஹ்ரான் நகரில் சம்போ மற்போரின் முதலாவது உலக சம்பியன் போட்டி நடைபெற்றது. சிவப்பு, நீல மேலங்கிகளும் அரைக்காற்சட்டையும் அணிந்த வீரர்கள் ஒருவரையொருவர் அங்கியிற் பற்றி வீழ்த்தினர். அந்த மேடையில் நினைவுகூரப்பட்டிருக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. வசிலி ஒஷ்செப்கோவ்.

சம்போ என்பது 'ஆயுதமின்றித் தற்காப்பு' என்ற ருஷ்யச் சொற்றொடரின் சுருக்கம். ஜோர்ஜியாவின் சிதாவோபா, உஸ்பெக் மக்களின் குராஷ் எனச் சோவியத் மக்களினங்களின் மற்போர்களிலிருந்து பிறந்த கலை என்றே நெடுங்காலம் உலகுக்குச் சொல்லப்பட்டது. அதிற் பாதி உண்மை. மறுபாதி யப்பானில் இருக்கிறது.

சகலின் தீவில் ஒரு பெண் கைதிக்குப் பிறந்து, சிறுவயதிலேயே அநாதையானவர் ஒஷ்செப்கோவ். யப்பானில் ருஷ்யத் திருச்சபையின் பாடசாலையிற் படித்தார். 1911இல் ஜூடோவின் தாயகமான கொடோகானிற் சேர்ந்து, 1913இல் கறுப்புப் பட்டி பெற்றார். பின்னர் மொஸ்கோவில் அக்கலையைக் கற்பித்து, பிற மற்போர்களின் பிடிகளையும் இணைத்து வளர்த்தார். விக்டர் ஸ்பிரிடோனோவ் போன்ற வேறு முன்னோடிகளும் இருந்தனர். எனினும் இன்றைய சம்போவின் முதுகெலும்பு ஒஷ்செப்கோவின் பயிற்சிக்கூடத்திலேயே உருவானது.

1937 ஒக்டோபரில், யப்பானிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். அதே மாதத்திற் சிறையில் இறந்தார். மறு ஆண்டு, 1938 நவம்பரில், அவர் வளர்த்த விளையாட்டை அரசு அங்கீகரித்தது. ஆளைக் கொன்றுவிட்டு அவரது உழைப்பை வைத்துக்கொண்டார்கள். பின்னர் புகழ் அவரது மாணவரான அனடொலி கர்லம்பியேவைச் சேர்ந்தது. 1957இல் ஒஷ்செப்கோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். அப்போதும் அவரது பெயர் பாடநூல்களுக்கு உடனே திரும்பவில்லை. மிஹயில் லுகாஷெவ் போன்ற ஆய்வாளர்கள் தேடி எழுதியதாலேயே அவரது கதை வெளிவந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1964இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றபோது, சம்போவிற் பயின்ற சோவியத் வீரர்கள் நான்கு வெண்கலப் பதக்கங்களை வென்றனர். மறுக்கப்பட்ட உறவைப் பதக்கங்களே ஒப்புக்கொண்டன.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் எமது நாட்டில் தணிக்கை இருந்தது. ஒரு பெயரை நீக்க ஒரு பேனாக்கோடு போதும் என்பதை அப்போதே கண்டேன். அதை மீட்க ஒரு தலைமுறை போதாது என்பதை ஒஷ்செப்கோவின் கதை சொல்கிறது.

2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு சம்போவுக்கு முழு அங்கீகாரம் அளித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கீகாரம் விளையாட்டுக்கு மட்டும் போதாது. ஒவ்வோர் உலக சம்பியன் போட்டியின் தொடக்கத்திலும், அது எந்த நாட்டில் நடந்தாலும், அந்தச் சிறைக்கைதியின் பெயர் சொல்லப்பட வேண்டும். அவர் எதற்காகக் கைதானார் என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். அயல்நாட்டுக் கலையைக் கற்று வந்து தன் மக்களுக்குக் கொடுத்தவரை உளவாளி என்றது அரசு. அந்தப் பாதியை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் உச்சரித்தால், அது இன்னொரு தணிக்கையே.