பக்கத்திலேயே இருந்த மலை

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க நண்பர் ஒருவர், "என்ன சார், ரிட்டயர் ஆனதும் கார் வாங்குவீர்கள் என்று பார்த்தால் சைக்கிளில் வந்து இறங்குகிறீர்களே!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் புனேவுக்கு வந்தது 1984-ல். கட்கியில் வேலை. அப்போது இந்த ஊருக்குச் சைக்கிள் நகரம் என்றே பெயர். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் தொழிற்சாலை வாசலிலிருந்து சைக்கிள்கள் ஆறு போல வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் நிறையக் கேட்கும். பிறகு எனக்கு ஸ்கூட்டர் வந்தது. வந்த வாரமே சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். சைக்கிள் என்றால் வசதியில்லாதவன் வாகனம் என்று நினைத்த தலைமுறை நாம்.

முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த புனே எது? வீடு, தொழிற்சாலை, மளிகைக் கடை, கோயில், ரயில் நிலையம். லீவு கிடைத்தால் திருநெல்வேலிக்கு ரயில். மேற்கே தெரியும் மலைகளை மழைக்காலத்தில் மேகம் மூடும்போது ஜன்னல் வழியே பார்ப்பேன். அவ்வளவுதான்.

பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது என் மகன் சொன்னான்: "அப்பா, உங்களுக்குத்தான் ஊர் திருநெல்வேலி. எனக்கு ஊர் இதுதான். ஆனா இந்த ஊரைப் பத்தி நீங்க எனக்கு ஒண்ணுமே சொன்னதில்லை." அவன் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு?

அவன் விட்டுப்போன கியர் சைக்கிள் பால்கனியில் துணி மூடிக் கிடந்தது. 2022-ல் ஓய்வு பெற்றேன். சர்க்கரைக்கு உடற்பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். துணியை எடுத்தேன். "ஏங்க, அறுபது வயசுல இது தேவையா? விழுந்து வச்சா யார் பாக்கறது?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் போவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குதான் என்னைச் சின்னச் சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடிவதற்கு முன் கிளம்பி, சிங்கட் சாலையில் கூட்டம் சேருமுன் கடக்வாஸ்லா அணையைத் தாண்டிவிட வேண்டும். கோட்டைக்குப் போகிறவர்கள் டோண்ஜேயில் பிரிந்துவிடுவார்கள். நாம் நேரே கானாபூர் போய், அங்கிருந்து பாபே கணவாய் ஏறி, தோர்ணாக் கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் வேல்ஹே கிராமத்தில் இறங்கலாம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கானாபூர் தாண்டிய பிறகு எப்போதாவது ஒரு பால் வண்டி, ஒரு அரசு பஸ். மற்றபடி நம் சங்கிலிச் சத்தமும் மூச்சும்தான்.

ஏறும்போது ஒன்று புரிந்தது. இந்த மலை ஒரே சரிவாக ஏறுவதில்லை. கொஞ்சம் செங்குத்து, பிறகு கொஞ்சம் சமதரை, மறுபடி செங்குத்து. படிக்கட்டு போல. காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் விழுந்த நீண்ட பிளவுகள் வழியே எரிமலைக் குழம்பு பொங்கிப் பரந்தது. ஒரு படலம் ஆறி இறுகியபின் அதன்மேல் அடுத்த படலம். இப்படி அடுக்கடுக்காகப் படிந்த கருங்கல்தான் தக்காணப் பீடபூமி. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. இதற்கு 'டெக்கான் ட்ராப்ஸ்' என்று பெயர். ட்ராப் என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்ததாம். நாம் அடிக்கடி கடந்து போகிற பாதாளேஸ்வரர் குகைக் கோயில் குடைந்திருப்பதும் இதே கல்லில்தான். காரில் போகிறவர் இதைப் புத்தகத்தில் படிக்கலாம். சைக்கிளில் போகிறவர் தொடையில் படிக்கிறார்.

திருநெல்வேலிக்கு மேற்கே நிற்கும் பொதிகையும் இந்த சஹ்யாத்ரியும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலைதான். கல் மட்டும் வேறு. பொதிகைப் பாறை இதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. மலைச்சரிவில் புதராக மண்டிக் கிடக்கும் ஒரு செடியைப் பார்த்து, ஒரு பெரியவரிடம் என்ன என்று கேட்டேன். "கார்வி" என்றார். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை மலையே நீலமாகப் பூக்குமாம். இதன் தண்டைப் பரப்பி மண் பூசித்தான் அந்தக் காலத்தில் குடிசைச் சுவர் வைப்பார்களாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சியின் சொந்தம்தான் அது, ஒரே குடும்பம். குறிஞ்சியைப் பார்க்க 2018-ல் மூணாறு வரை போய்வந்த எனக்கு, அதன் பங்காளி வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியவில்லை!

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த மூன்று வருடத்துக்குள் அந்தச் சாலை மாறி வருகிறது. வளைவுக்கு வளைவு 'பிளாட் விற்பனைக்கு' என்று பலகை. மலையை வெட்டிய இடத்தில் இரண்டு கல் படலங்களுக்கு நடுவே இருக்கும் செம்மண் பட்டை புண் போலத் தெரிகிறது. மழைக்கால ஞாயிறுகளில் பாட்டை அலற விட்டுக்கொண்டு கார்கள் வரிசையாக வருகின்றன. சென்ற ஆகஸ்டில் ஒரு கார் உரசுவது போல வந்ததில் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தேன். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். இந்தக் கட்டுரை வந்ததும் உண்மை தெரிந்துவிடும். தெரியட்டும்.

சாலையையே போடாதே என்று நான் சொல்லவில்லை. முதலில் அப்படித்தான் நினைத்தேன். வேல்ஹேயில் டீக்கடை வைத்திருக்கும் மாவ்ஷியிடம் சொல்லவும் செய்தேன். அந்த அம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே, "என் மருமகளுக்குப் பிரசவ வலி வந்தபோது இந்தச் சாலைதான் உதவியது. உங்களுக்கு அமைதி வேண்டும், எங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டாமா?" என்று மராத்தியில் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவன் அமைதியைப் பற்றிப் பாடம் நடத்துவது அழகல்ல.

ஆனால் அந்த அம்மாளின் தேவை வேறு, உல்லாசக் கார்களின் தேவை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம். ஜெர்மனியில் ஐஃபெல் என்று ஒரு எரிமலைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே டவுன் என்ற ஊரிலிருந்து மோசல் ஆற்றங்கரை வரை, ரயில் நின்றுபோன பழைய தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். சுமார் 58 கிலோமீட்டர். பழைய குகைப்பாதை, பழைய பாலம் எல்லாம் அப்படியே. பெரும்பகுதி தூரத்துக்கு மோட்டார் வண்டித் தொல்லை இல்லாததால் சின்னக் குழந்தைகளோடு குடும்பமாகப் போக முடிகிறது. நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு காலை ஆறிலிருந்து பத்து வரை, இப்படிப்பட்ட ஒரு கணவாய்ச் சாலையில் வெளியூர் உல்லாச வண்டிகளை நிறுத்தி வைக்கலாம். பஸ், பால் வண்டி, ஆம்புலன்ஸ், கிராமத்தார் வண்டி எல்லாம் தாராளமாகப் போகட்டும். இந்தக் கோரிக்கையைக் கிராமத்தாரிடம் முதலில் பேசி, அவர்கள் சம்மதித்தால் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. நம் சங்கமும் அதில் கையெழுத்திட வேண்டும்.

'வந்தேறிகளான நமக்கு எதற்கு இந்த ஊர் வம்பு?' என்று சிலர் கேட்கக்கூடும். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம். கடக்வாஸ்லாவுக்கு வரும் தண்ணீர் அந்த மலைகளில் பெய்த மழைதான். பிறகு எப்படி அது அடுத்தவர் மலை ஆகும்?

பிப்ரவரி வரை வெயில் தாங்கும். பழைய சைக்கிளே போதும். பிரேக் கட்டையும் டயரும் சரியாக இருந்தால் சரி. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் மிதித்தால் யாரும் ஏறலாம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம்; வெட்கமில்லை. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் டீயும் பாக்ரியும் கிராமத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். கொண்டுபோன காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தீபாவளிக்கு மகன் வந்திருந்தான். வாடகைச் சைக்கிள் ஒன்று எடுத்துக்கொண்டு இருவரும் பாபே கணவாய் ஏறினோம். உச்சியில் நின்று தோர்ணாவைக் காட்டி, 1646-ல் சிவாஜி முதலில் பிடித்த கோட்டை அது என்றேன். "தெரியும்ப்பா, ஸ்கூல்ல படிச்சேன்" என்றான். கார்வியைக் காட்டினேன். அது அவனுக்குத் தெரியவில்லை. பெயர் சொன்னேன்.