எரிஞ்சாதான் கிருமி சாகுமா?

"டாக்டர், நல்லா எரியுது. மருந்து வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன்."

மவுத்வாஷ் பற்றி இந்தக் கடற்கரையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். மண்டபத்துக்காரரும் சொல்கிறார், கீழக்கரையில் காலேஜ் படிக்கிற பிள்ளையும் சொல்கிறது. கண்ணில் தண்ணி வர, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முப்பது எண்ணி முடித்துத் துப்பிவிட்டு, ஏதோ விரதம் முடித்த திருப்தியோடு சொல்கிறார்கள்.

நேராவே சொல்லிடறேன். எரிச்சல் என்பது கிருமி சாவதற்கு அளவுகோல் கிடையாது. எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வைத்தியமும் கிடையாது. இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: "எரிஞ்சா நல்லது" என்கிற இந்த நம்பிக்கை, சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டிய வாய் நோயை மாதக்கணக்கில் தள்ளிப்போட வைக்கிறது. என் கோபம் அங்கேதான். பதிவு கொஞ்சம் நீளம். பாக்கு, ஹான்ஸ், கூல் லிப் போடுகிறவர்கள் உங்க வீட்டில் இருந்தால் முழுசா படிங்க.

முதலில், ஏன் எரியுது?

வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் டி.ஆர்.பி.வி.1 என்று ஒரு புரதம், கதவு மாதிரி. மிளகாயின் காரம் போய்த் தட்டுவது இந்தக் கதவைத்தான். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தக் கதவு சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் திறக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே திறந்துவிடுகிறது என்று 2002-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. உங்க வாயின் சூடு எவ்வளவு? 36, 37 இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க உடம்புச் சூடே உங்களுக்கு நெருப்பு மாதிரி தெரியுது. அவ்வளவுதான் சங்கதி. கிருமி செத்ததா, பிழைத்ததா என்று அந்த நரம்புக்குத் தெரியவே தெரியாது.

கூடவே மென்தால், யூகலிப்டஸ், ஓமத்தில் இருக்கிற தைமால், வலித்தைலத்தில் வருகிற மெத்தில் சாலிசிலேட் எல்லாம் சேர்ந்தால் இன்னும் சுள்ளென்று இருக்கும். இவை கிருமியைக் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. கொல்லும். ஆனால் பல் பிடுங்கிய பிறகு, ஈறு ஆபரேஷனுக்குப் பிறகு பல் டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் இருக்கிறதே, அது கசக்கும், பெரும்பாலானவர்களுக்கு இப்படி எரியாது. பற்களில் படியும் கிருமிப் படலத்தை அடக்குவதில் அதுதான் முன்வரிசை. சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு கொப்பளிப்பு மருந்து எரியவே எரியாது. எரிச்சல்தான் வீரியம் என்றால் இவை இரண்டும் குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டியவை அல்லவா?

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? விற்றார்கள், வாங்கினோம்.

லிஸ்டரின் 1879-இல் அமெரிக்காவில் உருவானது. அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரை வைத்தார்கள். அதன் பழைய கலவையில் ஆல்கஹால் 26.9 சதவீதம். பீரை விட, வைனை விட அதிகம். 1920-களில் வாய் நாற்றத்துக்கு 'ஹாலிட்டோசிஸ்' என்று ஒரு டாக்டர்த்தனமான பெயரைப் பிரபலமாக்கி, "உங்களுக்குக் கல்யாணம் ஆகாததுக்கு இதுதான் காரணம்" என்கிற ரீதியில் பயமுறுத்தி விற்றார்கள். சளி, தொண்டை வலி வராமல் தடுக்கும் என்றும் பல பத்தாண்டுகள் விளம்பரம் ஓடியது. 1975-இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினால் மட்டும் போதாது, சளியையும் தொண்டை வலியையும் இது தடுக்காது என்று அடுத்த ஒரு கோடி டாலர் அளவு விளம்பரத்தில் நீங்களே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த உத்தரவின் சாரத்தை உறுதி செய்தது. இத்தனைக்கும் பிறகு, ஐம்பது வருஷம் கழித்து, பாம்பனில் ஒருத்தர் எரிச்சலைப் பார்த்து மருந்தின் தரத்தை எடை போடுகிறார்.

சரி, எரியுது. என்ன பண்றது?

சாதாரண வாய் துர்நாற்றத்துக்காக நீங்களாகவே வாங்கியது என்றால், மாற்றுங்கள். பொறுத்துப் பழக வேண்டாம். லேபிளைத் திருப்பிப் படிச்சு ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்குங்க. (கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மார்க்கக் காரணத்துக்காகவே இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அவங்க வாய் இந்த விஷயத்தில் தப்பிச்சது!) வாயில் புண் இருக்கும் நாட்களில் ஆல்கஹால் கலந்ததைத் தொடவே வேண்டாம்.

குளோர்ஹெக்சிடின் டாக்டர் எழுதித் தந்து, அதுவே எரிந்தால், அவரிடம் கேட்டுவிட்டு, கொப்பளிக்கும் நேரத்தில் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம். பேஸ்ட் போட்டுப் பல் துலக்கிய கையோடு அதை ஊற்றாதீங்க. பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இந்த மருந்தை மழுங்கடித்துவிடும். அரை மணி நேரம் இடைவெளி விடணும். முக்கியமா, இது மளிகை லிஸ்ட்டில் மாசாமாசம் எழுதுகிற பொருள் இல்லை. பெரும்பாலும் இரண்டு வாரம், அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். நல்ல ஆரோக்கியமாக இருந்த 19 பேரை ஏழு நாள் இதைக் கொப்பளிக்க வைத்த 2013 ஆய்வில் அவர்களுடைய ரத்த அழுத்தமே 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. வாயில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றதன் விளைவு. சின்ன ஆய்வுதான், பதற வேண்டாம். ஆனால் "ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க" என்று மெடிக்கலில் கேட்பதற்கு முன் ஒரு நொடி யோசிக்க அது போதும்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எந்த மவுத்வாஷும் வேண்டாம். விழுங்கிடும்.

உப்புத் தண்ணி? தாராளமா. 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. உடம்பில் ஓடும் திரவத்தின் உப்புக்குக் கிட்டத்தட்ட சமம், அதனால்தான் அது புண்ணில் பட்டாலும் அவ்வளவாக எரிவதில்லை. "கடல் தண்ணியிலேயே கொப்பளிச்சா என்ன டாக்டர், அதுவும் உப்புதானே" என்று ராமேஸ்வரத்தில் கேட்டார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நான் சொன்ன அளவைப் போல மூன்று மடங்கு. அக்னி தீர்த்தத்தில் நீராடுவது உங்க பக்தி. ஆயிரக்கணக்கானோர் முங்கி எழும் கரைத் தண்ணியை வாய்ப்புண்ணுக்கு மருந்தாக்காதீங்க.

இதுவரை சொன்னது பாட்டிலைப் பற்றி. இனி வாயைப் பற்றி.

மவுத்வாஷை மாற்றியாச்சு, ஆல்கஹால் இல்லை, தண்ணியும் கலந்தாச்சு. இன்னும் எரியுதா? அப்படின்னா குற்றவாளி பாட்டில் இல்லை.

வீட்டில் எல்லாரும் ஒரே மீன் குழம்பைத்தான் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் சாதாரணமா சாப்பிடுது. அவருக்கு மட்டும் காரம் தாங்கவில்லை. "மிளகாயை அள்ளிப் போட்டிருக்கா" என்று சண்டை. அப்புறம் ரசம் எரிகிறது, கருவாடு எரிகிறது, கடைசியில் தயிர்ச்சோறும் தண்ணியும்தான். என்னிடம் வந்த ஒரு விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடத்துக்காரர், இந்த நிலையில்தான் ஒரு மெடிக்கல் கடைக்குப் போயிருக்கிறார். பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும், எரிகிற மவுத்வாஷ் ஒன்றும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "எரியும், ஆனா கேட்கும்" என்று சொன்னார்களாம். நாலு மாசம். வாயைத் திறங்கண்ணே என்றேன். இரண்டு விரல்தான் உள்ளே போனது.

இதற்குப் பெயர் வாய் உள்தோல் நார்த்திசு இறுக்கம். ஓ.எஸ்.எம்.எஃப் என்போம். காரணம் பாக்கு. திரும்பச் சொல்கிறேன், பாக்கு. போயிலை சேர்ந்தால் கேடு இன்னும் கூடும், ஆனால் இந்த இறுக்கத்துக்குப் பாக்கு ஒன்றே போதும். "நான் போயிலையெல்லாம் தொடுறதில்ல டாக்டர், வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாகச் சொல்கிறீர்களே, அந்த வெறும் பாக்கைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. புகையிலை இருக்கும் அதே வரிசை.

பாக்கில் இருக்கும் அரிக்கோலின், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை நாராகச் சேர்க்க வைக்கிறது. மெத்தென்று இருந்த கன்னம் தோல் செருப்பு மாதிரி விறைக்கிறது, வெளுக்கிறது. மேல்தோல் மெலிந்துபோவதால் காரம் பட்டவுடன் எரிகிறது. அந்த எரிச்சல்தான் முதல் மணி. வாய் திறப்பது குறைவது அதற்குப் பிறகு. ஒருமுறை இறுகிய நார் முழுசாகப் பழையபடி ஆகாது, ஆனால் பழக்கத்தை விட்டால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், சிகிச்சையால் வாயைக் கொஞ்சம் திறக்க வைக்கவும் முடியும். எல்லாருக்கும் இது புற்றுநோயாக மாறாது. சிலருக்கு மாறும். யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் எல்லாரையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போ யோசிங்க. முதல் மணி அடிக்கும்போதே அதன் மேல் எரிகிற மருந்தை ஊற்றி, "மருந்துன்னா எரியத்தான் செய்யும்" என்று சமாதானம் சொன்னால், நோய் எரிச்சல் எது, மருந்து எரிச்சல் எது என்று யாருக்குத் தெரியும்? அதைவிட மோசம், ஹான்ஸ் வாடை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று புதினா வாசனை மவுத்வாஷை வாங்கி வைத்துக்கொள்வது. வாசனை வீட்டை ஏமாற்றும். தோலை ஏமாற்றாது.

ராத்திரி கடலில் தூக்கம் வராமல் இருக்கத்தான் போடுகிறோம் என்பது எனக்குத் தெரியும். வலை இழுக்கிறவனுக்கு ஏசி ரூமில் இருந்து அறிவுரை சொல்ல நான் வரவில்லை. 2013-லேயே தமிழ்நாடு அரசு குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. பெட்டிக்கடையில் என்ன கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கேள்வியை அதிகாரிகளிடம் கேட்கணும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் உங்க வாயைத் திறந்து பார்ப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

கண்ணாடி முன்னால் நில்லுங்க. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, செங்குத்தாக, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வையுங்க. மூன்றும் போகணும். போகலையா, டாக்டரைப் பாருங்க. கன்னத்தில், நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரம் தாண்டி ஆறாத புண் இருந்தாலும் அப்படியே. வலிக்கலையே என்று விடாதீங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

பாக்குப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் வாய் எரியலாம். ரத்தசோகை, பி12 குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, ஆஸ்துமா இன்ஹேலர் போட்டுவிட்டு வாய் கொப்பளிக்காததால் வரும் பூஞ்சை, மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்களுக்கு வரும் நரம்பு எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் வேற வேற வைத்தியம். எதற்கும் மவுத்வாஷ் பதில் இல்லை.

"அப்போ வாய் நாற்றத்துக்கு என்னதான் பண்றது டாக்டர்?" நாக்கின் பின்பக்கத்தை வழிங்க, நாற்றத்தின் பெரும்பங்கு அங்கேதான். ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரிடம் போய்க் கரையை எடுங்க. தண்ணி குடிங்க. படகில் தண்ணீரை மிச்சம் பிடித்துப் பிடித்து வாய் காய்ந்துபோனாலும் நாறும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான். படகுக்கு மராமத்து பார்க்கிற அந்த நாட்களில் ஒரு நாள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து வாயைக் காட்டிட்டுப் போங்க. பழக்கத்தை விட உதவி வேணும்னா 1800-11-2356, கட்டணமில்லா எண். புதுசா தேட வேண்டாம், நீங்க கிழிச்சுப் போடுற போயிலைப் பாக்கெட்டிலேயே அச்சடிச்சிருக்கும்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். வாய்க்குள்ள போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்பாதீங்க. போனில் விரலை விட்டுப் பார்க்க முடியாது, நேர்ல வாங்க.