திரி திரித்த கை

திரி திரிப்பது எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. அஃது எளிதன்று. பஞ்சை இறுக்கித் திரித்தால் எண்ணெய் ஏறாது; தளரவிட்டால் சுடர் நிலைத்து நில்லாது. நடுவே உள்ள பதத்தைக் கைதான் அறிய வேண்டும். நான் அந்தப் பதத்தைக் கற்றது விளக்குக்காக அன்று. வேப் என்னும் மின் சிகரெட்டுக்காக. பிறருக்குப் பயன்படும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

இக்கருவிகளுள் ஒருவகையில் கம்பியையும் பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதனுள் பஞ்சைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் திரவத்தில் தோயவிட வேண்டும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலவே பஞ்சில் திரவம் ஏறும். பாட்டரி கம்பியைச் சூடாக்கும், திரவம் ஆவியாகும், அதை உள்ளிழுப்பர். பஞ்சு மிகுந்தால் திரவம் வந்துசேராமல் பஞ்சே கருகித் தொண்டையைச் சுடும். குறைந்தால் திரவம் ஒழுகும்.

விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் இதை எனக்குக் கற்பித்தார். பல முறை பஞ்சைக் கருக்கினேன். ஒருநாள் சரியாக அமைந்தது. தேர்வில் முதல் வகுப்புப் பெற்றவன்போல மகிழ்ந்தேன். பிறகு மற்றவர்கள் தம் கருவிகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். இளையவர் இருவருக்கு நானே ஆசிரியனுமானேன்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். சிகரெட் பிடிப்பவன், தான் ஒரு பழக்கத்துக்கு ஆட்பட்டவன் என்பதை அறிவான். நானோ என்னை ஒரு கைவினைஞன் என்று எண்ணிக்கொண்டேன். சுருளைப் பற்றியும் பஞ்சைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசிய நான், திரவத்தில் இருந்த நிகோட்டினைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. வேண்டாம் என்றால் அன்றே விட்டுவிடலாம் என்பது என் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை அலிபிரிப் பாதையில் உடைந்தது. திருமலையில் புகைபிடிக்கத் தடை உண்டு. அடிவாரத்தில் பைகளைச் சோதிப்பார்கள். ஆகவே கருவியை அறையிலேயே வைத்துவிட்டு நண்பர்களுடன் படியேறினேன். மொத்தம் 3,500க்கு மேற்பட்ட படிகள். காளி கோபுரத்தை அடையும் முன்பே என் கை சட்டைப்பையைத் தேடத் தொடங்கிவிட்டது. காரணமின்றி நண்பனைக் கடிந்துகொண்டேன். மலையழகும் மனத்தில் பதியவில்லை. எப்போது இறங்குவோம் என்பதே நினைவாக இருந்தது. இதற்குப் பெயர் விருப்பமா? அடிமைத்தனம் அன்றோ!

அதே புரட்டாசியில் சித்தூருக்கு, வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை மாவிளக்குக்கு ஆயா திரி திரித்துக்கொண்டிருந்தார். நானும் பஞ்சை எடுத்து உருட்டினேன். அவர் வியந்து, “கை நல்லாப் பழகியிருக்குதே, எங்கடா கத்துக்கிட்டே?” என்றார். நான் மறுமொழி கூறவில்லை. கூறத்தக்க மறுமொழி என்னிடம் இல்லை.

நண்பர்கள் சிலர் இரண்டு வாதங்களை முன்வைப்பர். சட்டம் பயன்படுத்துவோரைத் தண்டிக்கவில்லையே என்பது ஒன்று. உண்மைதான். 2019இல் இயற்றப்பட்ட தடைச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் ஆகியவற்றையே தடுக்கிறது. விற்பவருக்கு முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் மறைவில் விற்கும் புட்டிக்குத் தரச் சோதனை செய்வார் யார்? அதன்மேல் எழுதியிருப்பதே உள்ளே இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

பிரிட்டனில் அரசே வேப் தருகிறதே என்பது மற்றொன்று. அதுவும் உண்மையே. சிகரெட்டை விடமுடியாதவர்கள் அதைவிடத் தீங்கு குறைந்ததற்கு மாறட்டும் என்று 2023இல் அங்கே ஒரு திட்டம் அறிவித்தார்கள். அது புகைப்பவருக்கான திட்டம். நான் அதற்குமுன் ஒரு சிகரெட்டையும் தொட்டவன் அல்லேன். நம் விடுதியில் இதைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் சிகரெட்டை விடுவதற்காகத் தொடங்கினார்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

பிடிபட்ட மாணவனை நாலுபேர் முன் நிறுத்தி அவமானப்படுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. அதனால் அவன் இன்னும் மறைவாகச் செய்வானேயன்றி விடமாட்டான். நான் கேட்பது ஒன்றே. மூத்தவர் இளையவருக்கு இதைக் கற்பிப்பது நம்மோடு நிற்கட்டும். ஆண்டுதோறும் புதிய மாணவரை வரவேற்கும் கூட்டத்தில், பட்டறிந்த ஒருவர் எழுந்து பத்து நிமிடம் உண்மையைப் பேசட்டும். அழைத்தால் நானே பேசுவேன்.

நான் விட்டு ஏழு மாதம் ஆகிறது. நான் கற்பித்த இருவரில் ஒருவர் விட்டுவிட்டார். மற்றவரால் இன்னும் இயலவில்லை. புகையிலைப் பழக்கத்தை விட உதவும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-112-356. சென்ற வாரம் அவர் அறையில் அமர்ந்து, இருவருமாக அந்த எண்ணை அழைத்தோம். நாளை மாலையும் அவரைப் பார்க்கப் போகிறேன்.